அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் போரிக் பவுடர்

கேள்வி: எங்கள் சமையலறையில் சின்னக் கரப்பான் பூச்சித் தொல்லை தாங்க முடியவில்லை. மருந்துக் கடையில் போரிக் பவுடர் வாங்கி, கோதுமை மாவில் உருண்டை பிடித்து மூலைக்கு மூலை வைக்கச் சொல்கிறார்கள். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிறது. நானும் நான்கு மாதமாக முழுகாமல் இருக்கிறேன். கேரம்போர்டில் தூவுவதும் இதே பவுடர்தானே, இதற்கு ஏன் பயம் என்று கணவர் கேட்கிறார். மாமியாரோ, குழந்தையின் நாக்கில் வெள்ளை படிந்தால் வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவலாம், கண் உறுத்தினால் போரிக் பவுடரைக் கரைத்துக் கழுவலாம், அரிசியில் கலந்தால் வண்டு வராது என்கிறார். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?
– வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கரப்பான் இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகட்டும். வெங்காரத்தை முதலில் பேசிவிடுவோம். குழந்தையின் நாக்கில் அதைத் தடவ வேண்டாம். ஏற்கெனவே தடவிக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்திவிட்டு, குழந்தை மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

வெங்காரமும், போரிக் பவுடர் என்று விற்கும் போரிக் அமிலமும் ஒன்றல்ல. ஆனால் ஒரே குடும்பம். இரண்டிலும் வேலை செய்வது போரான் என்ற தனிமம். வெங்காரம் போரிக் அமிலத்தின் சோடியம் உப்பு. நகைப் பட்டறையில் பற்றவைக்கும்போது வைப்பார்களே, அதுதான். வெங்காரத்தோடு வலுவான அமிலத்தைச் சேர்த்தால் போரிக் அமிலம் பிரிந்து வரும். 1702இல் வில்ஹெல்ம் ஹோம்பெர்க் என்ற வேதியியலாளர் அதை முதலில் பிரித்தெடுத்ததும் இப்படித்தான். நம் இரைப்பையிலும் வலுவான அமிலம் இருக்கிறது. ஆகவே வெங்காரத்தை விழுங்கினால் உள்ளே போய் அது போரிக் அமிலமாகத்தான் மாறும். கணக்குச் சொன்னால், 1 கிராம் வெங்காரம் சுமார் 0.65 கிராம் போரிக் அமிலத்துக்குச் சமம்.

பொரித்துவிட்டால் நஞ்சு முறிந்துவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. சட்டியில் போட்டால் வெங்காரம் பொரி மாதிரி உப்பிக்கொண்டு வருவதற்குக் காரணம், அதன் எடையில் ஏறக்குறைய 47 சதவீதம் படிக நீர். சூட்டில் அந்த நீர் ஆவியாகிப் போகிறது. போரான் அப்படியே தங்கிவிடுகிறது. பொரிக்காத வெங்காரத்தில் போரான் 11 சதவீதம். நீர் முழுதும் போனால் 21 சதவீதத்துக்கு மேல். அதாவது அதே ஒரு சிட்டிகையில் குழந்தைக்குப் போகும் போரான் எடைக்கு எடை இரட்டிப்பாகிறது. மாமியாரிடம் சொல்வதானால் இப்படிச் சொல்லுங்கள்: பொரித்தால் தண்ணீர்தான் போகிறது, சரக்கு அப்படியே இருக்கிறது.

சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் இது ஏன் அப்படி வில்லங்கமாகிறது? போரிக் அமிலம் குடலில் முழுக்க உறிஞ்சப்படும். உடலில் சிதையாது, மாறாது. சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். இரத்தத்தில் சேர்ந்ததில் பாதி போவதற்கே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பச்சிளம் குழந்தையின் சிறுநீரகம் இன்னும் முழு வேலைக்கு வராதது. நேற்றுத் தடவியதில் பாதி உள்ளே இருக்கும்போதே இன்றைய பங்கும் போய்ச் சேர்கிறது, நாளைக்கும் சேர்கிறது. ஒரே ஒரு தடவை நக்கியதால் ஒன்றும் ஆகாமல் போகலாம். வாரக்கணக்கில் தினமும் தடவுவதுதான் ஆபத்து. வெங்காரமும் தேனும் கலந்த கலவையில் சூப்பானைத் தோய்த்துக் கொடுத்ததால் வலிப்பு வந்த ஏழு குழந்தைகளைப் பற்றி 1983இல் பிரிட்டிஷ் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் எழுதியிருக்கிறார்கள். யாரும் அள்ளிக் கொடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வாரம் கொடுத்திருக்கிறார்கள்.

தேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தனியாகவும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கலாம். உங்கள் குழந்தை அந்த வயதைத் தாண்டிவிட்டது. அடுத்து வரும் குழந்தைக்கு நினைவில் வையுங்கள். நாக்கில் படியும் வெள்ளை, ஈரத் துணியால் துடைத்தால் வந்துவிட்டால் அது வெறும் பால் படிவு. துடைத்தும் போகாமல், தேய்த்தால் அடியில் சிவந்தால் அது பூஞ்சை. அதற்கு மருத்துவர் நிஸ்டாடினோ குளோட்ரிமசோலோ எழுதித் தருவார். சில நாட்களில் சரியாகும். பெரியவர்கள் சிலர் வீட்டில் வைத்திருக்கும் போரோ கிளிசரினும் இதே போரிக் அமில வகையறாதான். குழந்தை வாயில் அதையும் வைக்காதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் படிகாரமும் வெங்காரமும் மாறிப்போவதும் உண்டு. இரண்டும் வெள்ளைக் கட்டி. படிகாரம் அலுமினிய உப்பு, முற்றிலும் வேறு பொருள். வீட்டில் சந்தேகமான கட்டி இருந்தால் கொஞ்சம் நுணுக்கித் தண்ணீரில் கரைத்து, மஞ்சள் பூசிய வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். வெங்காரக் கரைசல் காரத்தன்மை உள்ளது, பி.எச். 9க்குக் கொஞ்சம் மேல். மஞ்சள் உடனே செம்பழுப்பாக மாறும். படிகாரம் அமிலத்தன்மை உள்ளது, மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். போரிக் அமிலமும் ஈரமாக இருக்கும்போது மாற்றாது. வெங்காரத்தைப் படிகாரத்திலிருந்து பிரித்துப் பார்க்க மட்டும்தான் இந்தச் சோதனை; வாயில் வைக்கலாமா என்று முடிவு செய்வதற்கு அல்ல.

இனி உங்கள் கணவரின் கேள்வி. கேரம் பவுடர் என்று விற்பதில் பல, தூளாக்கிய போரிக் அமிலமேதான். அதைத் தொட்டுப் பார்த்தால் வழவழவென்று சோப்புத் தூள் மாதிரி இருக்கும். காரணம், அதன் மூலக்கூறுகள் தட்டைத் தட்டையான அடுக்குகளாக உட்கார்ந்திருக்கின்றன. அடுக்குக்குள் பிடிப்பு வலுவாகவும், ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே தளர்வாகவும் இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகிறது. காயும் ஸ்ட்ரைக்கரும் சறுக்குவது அந்த அடுக்குகளின் மேல்தான். அமிலம் என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுகிறவர்களுக்கும் இதையே சொல்லலாம்: கழிவறை கழுவும் அமிலம் மாதிரி இது கையைச் சுடாது. மிக மிக மெலிந்த அமிலம். ஆரோக்கியமான தோல் வழியே உள்ளே போவதும் சொற்பம்.

அதனால் விரலில் படும் பவுடருக்குப் பயப்பட வேண்டியதில்லை என்று உங்கள் கணவர் சொல்வது சரி. அதிலிருந்து, வாயில் போனாலும் பயமில்லை என்று முடிவு கட்டுவதுதான் தவறு. விளையாடும்போது நடுவில் பஜ்ஜியை எடுத்துக் கடிப்பதும், ஆட்டம் முடிந்ததும் பலகையை வாயால் ஊதுவதும், ஊதிய தூள் பாயில் படிந்து அதில் குழந்தை உருள்வதும்தான் பிரச்சினை. பலகையை ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். புண், சிரங்கு, அரிப்புச் சொறி உள்ள தோலில் இந்தத் தூள் படக் கூடாது. அங்கே தோலின் தடை இல்லாததால் நேராக இரத்தத்துக்குப் போய்விடும். குழந்தைகளின் இடுப்புத் தோல் புண்ணுக்கு இந்தப் பவுடரைப் போட்டு உயிரே போன சம்பவங்கள் சென்ற நூற்றாண்டில் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. இன்றும் சில வியர்க்குரு பவுடர் டப்பாக்களின் சேர்மானப் பட்டியலில் போரிக் அமிலம் இருக்கிறது. குழந்தைக்குப் போடுவதற்கு முன் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

இப்போது கரப்பானுக்கு வருகிறேன். போரிக் அமிலம் இதற்கு நல்ல மருந்து, சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் 1948லேயே பூச்சிமருந்தாகப் பதிவு செய்யப்பட்டது, இன்றும் பயன்படுகிறது. ஸ்பிரேக்களில் வரும் மருந்துக்குச் சின்னக் கரப்பான் பழகிப்போய்விடுகிறது. இதற்கு அந்த அளவுக்குப் பழகுவதில்லை. வாடை இல்லாததால் பூச்சி விலகி ஓடுவதும் இல்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் இதைப் பயன்படுத்தும் விதம் தவறு. தவறாகப் பயன்படுத்திவிட்டு, பத்து நாளில் வேலை செய்யவில்லை என்று இன்னும் இரண்டு பாக்கெட் வாங்கிக் கொட்டுவார்கள்.

தூளாகத் தூவும்போது அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் தவறு நடக்காது. கரப்பான் அந்தத் தூளின் மேல் நடக்கும்போது காலிலும் மீசையிலும் ஒட்டிக்கொள்கிறது. கரப்பான் சுத்தக்காரப் பூச்சி. மீசையையும் காலையும் வாயால் இழுத்து இழுத்துத் துடைத்துக்கொண்டே இருக்கும். அப்போது தூள் வயிற்றுக்குள் போய்க் குடலைக் கெடுக்கிறது. சாக மூன்று நாள் முதல் பத்து நாள் வரை ஆகும். ஆகவே அது தூளின் மேல் நடந்தால்தான் பலன். குவியலாகக் கொட்டி வைத்தால் நாம் மணல் மேட்டைச் சுற்றிக்கொண்டு போவதுபோல அது சுற்றிக்கொண்டு போய்விடும். கோலப்பொடி போல வெள்ளையாகத் தெரிந்தாலே அதிகம் என்று அர்த்தம். மேசையில் இரண்டு நாள் படிந்த தூசி எப்படி இருக்குமோ அந்த அளவுதான் வேண்டும்.

அதற்கு ஒரு வழி: சாஸ் பிழியும் கூர்மூக்கு பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மூன்றில் ஒரு பங்கு மட்டும் தூளை நிரப்புங்கள். கட்டி தட்டாமல் இருக்க உள்ளே நாலைந்து சின்னக் கூழாங்கல்லைப் போடலாம். பாட்டிலைக் குலுக்கி, மூக்கை மேல்நோக்கி வைத்து, இடுக்குக்குள் மெதுவாக ஒரு அழுத்து. தூளாக வரக் கூடாது, புகையாக வர வேண்டும். முகத்தில் துணியோ முகக்கவசமோ கட்டிக்கொள்ளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை வேண்டும். உங்கள் நிலைமையில் இந்த வேலையைக் கணவரிடம் விட்டுவிடுவது நல்லது. குழந்தையோடு நீங்கள் அந்த ஒரு மணி நேரம் சமையலறைக்கு வெளியே இருங்கள்.

எங்கே தூவுவது? குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் மோட்டார் இருக்கும் இடத்துக்கு அடியில், பிளக்கைப் பிடுங்கிவிட்டு. சிங்க் குழாய் சுவருக்குள் போகும் துளையைச் சுற்றி. அலமாரிக் கதவுக் கீல் இடுக்கு. மேடைக் கல்லும் சுவரும் சேரும் விரிசல். பரணில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால். சின்னக் கரப்பான் இப்படி வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள இடுக்குகளில் உடம்பு இரண்டு பக்கமும் உரசும்படி பதுங்கும். மேடையின் மேற்பரப்பு, பாத்திரம் வைக்கும் ஸ்டாண்டு, மாவு மிஷின், குழந்தை கை எட்டும் தரைவிளிம்பு – இங்கெல்லாம் வேண்டாம். தண்ணீர் சொட்டும் இடத்திலும் பயனில்லை. ஈரம் பட்டால் கட்டியாகிவிடும், காலில் ஒட்டாது. வழிந்தால் கரைந்து போய்விடும்.

தூவுவதற்கு முந்தின நாள் அடுப்பின் பின்னால் உள்ள எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் தூளும் ஒட்டிக்கொள்ளும். பூச்சிக்கு அது சாப்பாடும் ஆகும். இரவு சிங்க்கைத் துடைத்து உலர்த்துங்கள். சின்னக் கரப்பான் சாப்பாடில்லாமல் பல நாள் இருக்கும், தண்ணீரில்லாமல் அவ்வளவு நாள் இருக்காது. தூவிய இடத்திலேயே கரப்பான் ஸ்பிரேயும் அடிக்காதீர்கள். ஸ்பிரேயின் வாடைக்கு அவை அந்தப் பக்கமே வராமல் விலகிவிடும்; நீங்கள் தூவியது வீணாகும்.

மூன்று நாளில் ஒன்றும் குறையவில்லையே என்று கைவிட வேண்டாம். தாய்க் கரப்பான் முட்டைக்கூட்டை வயிற்றின் பின்னால் சுமந்துகொண்டே திரியும். ஒரு கூட்டில் 30 முதல் 40 முட்டை. முட்டையை போரிக் அமிலம் ஒன்றும் செய்யாது. குஞ்சு வெளியே வந்து தூளில் நடக்க வேண்டும். அதனால்தான் குறைந்தது மூன்று வாரம் காத்திருக்கச் சொல்கிறோம். இது ஆவியாகாது, கெட்டும் போகாது. உலர்ந்த இடுக்கில் மாதக்கணக்கில் அதே வீரியத்தோடு இருக்கும். பூச்சியை ஒழிப்பதற்கு அது நல்ல சங்கதிதான். வீடு மாற்றும்போதோ அலமாரியைப் பெயர்க்கும்போதோ அதே தூள் கையில் படும் என்பதையும் மறக்காதீர்கள். பெருக்க வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். சாக்கடையிலிருந்து இரவில் ஏறி வரும் பெரிய செந்நிறக் கரப்பானுக்கு இந்தத் தூள் அவ்வளவாகப் பயன்படாது. அதற்கு வடிகாலில் சல்லடை மூடி போடுவதும் குழாய் ஓட்டையை சிமென்டால் அடைப்பதும்தான் வழி.

மாவு உருண்டைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். உங்கள் வீட்டில் மட்டும் அல்ல, தவழும் குழந்தை உள்ள எந்த வீட்டிலும். கோதுமை மாவு, சர்க்கரை, கொஞ்சம் பால், போரிக் பவுடர் – பிசைந்து உருட்டினால் அது பார்க்கவும் மோந்து பார்க்கவும் சீடைதான். உள்ளே கால் பங்கு போரிக் அமிலம் இருந்தால், 4 கிராம் எடையுள்ள ஓர் உருண்டையில் 1 கிராம் போகிறது. இரண்டை விழுங்கினால் 10 கிலோ குழந்தைக்கு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அளவு. பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் என்றால், 20 கிராம் போரிக் அமிலம், 40 கிராம் மாவு, 20 கிராம் சர்க்கரை என்று பிசைந்து, நிலக்கடலை அளவில் பிய்த்து, தீப்பெட்டிக்குள் வைத்து அலமாரியின் பின்பக்கம் ஒட்டலாம். உங்கள் வீட்டுக்குத் தூளை இடுக்குகளில் மட்டும் தூவுங்கள். அதற்கும் மனம் ஒப்பவில்லையானால் ஊசிக்குழலில் வரும் கரப்பான் ஜெல்லை வாங்குங்கள். ஃபிப்ரோனில் அல்லது இமிடாகுளோபிரிட் கலந்தது கிடைக்கும். மிளகளவுப் பொட்டாகக் கீல் இடுக்கில் வைத்தால் குழந்தை கைக்குக் கிடைக்காது. உண்மையைச் சொன்னால் உங்களுக்கு என் முதல் சிபாரிசு அதுதான். தூளும் ஜெல்லும் ஒரே இடத்தில் வேண்டாம். தூள் படிந்த ஜெல்லைப் பூச்சி தின்னாது.

எறும்புக்கும் இது நடக்கும், ஆனால் அங்கே கணக்கு வேறு. 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் அமிலம். அதற்கு மேல் கூட்டாதீர்கள். வேலைக்கார எறும்பு அதைக் குடித்துவிட்டுப் புற்றுக்குப் போய் மற்றவற்றுக்கும் ராணிக்கும் ஊட்ட வேண்டும். அளவு கூடினால் புற்றுக்குப் போகுமுன்பே வழியில் செத்துவிடும், ராணி தப்பிவிடும். பஞ்சில் நனைத்து, ஓட்டை போட்ட மூடியுள்ள டப்பாவுக்குள் வைத்து, குழந்தை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். மீதியைக் கீழே ஊற்றிவிடுங்கள்; சர்பத் மாதிரி இருக்கும் அதை டம்ளரில் வைக்கவே கூடாது.

முழுகாமல் இருப்பது பற்றி: விலங்குகளுக்கு நீண்ட நாள் அதிக அளவில் உணவோடு கொடுத்த ஆய்வுகளில், ஆண் விலங்குகளின் விந்துச் சுரப்பியும் கருவின் வளர்ச்சியும் பாதிக்கப்பட்டன. அதன் அடிப்படையில் ஐரோப்பிய ஒன்றியம் இதை இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யக்கூடிய பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. அதே சமயம், போரான் சுரங்கங்களுக்குப் பேர்போன துருக்கியில், பந்தர்மா நகரத்தின் போரிக் அமில ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்தபோது விந்தணுவில் அப்படிப்பட்ட பாதிப்பு தெரியவில்லை. வேலை செய்யும்போது மனிதருக்கு உள்ளே போகும் அளவு, அந்த விலங்குகளுக்குக் கொடுத்ததைவிட மிகக் குறைவு. எனவே பக்கத்து அறையில் பவுடர் டப்பா இருப்பதால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று தூக்கம் கெட வேண்டாம். தூவும் வேலையையும் துடைக்கும் வேலையையும் நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். திரும்பத் திரும்ப வரும் பெண்ணுறுப்புப் பூஞ்சைத் தொற்றுக்கு 600 மில்லிகிராம் போரிக் அமிலத்தை உள்ளே வைக்கும் மருந்தாகச் சில மருத்துவர்கள் எழுதுவார்கள். அதைக் கர்ப்ப காலத்தில் பயன்படுத்தக் கூடாது. எப்போதுமே வாயால் விழுங்கக் கூடாது. யாராவது வைத்திருந்ததைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

அரிசியில் கலப்பது வேண்டவே வேண்டாம். நம் நாட்டில் உணவுப் பொருளைப் பதப்படுத்த போரிக் அமிலத்துக்கு அனுமதி இல்லை. களைந்தால் போய்விடும் என்பார்கள். மேலே ஒட்டியது பெரும்பாலும் போகும். ஈரக்காற்றில் அரிசிக்குள் ஊறியது போகாது. அதோடு, தினமும் மூன்று வேளை சாப்பிடும் பொருள் அது. வெங்காரத்துக்குச் சொன்ன கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் கதை இங்கே வீடு முழுவதுக்கும் பொருந்தும். அரிசியை வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு இறுக மூடும் டின்னில் போடுங்கள். வேப்பிலையோ வசம்போ துணியில் முடிந்து போடலாம்; வண்டு குறையும். வசம்பை அரிசியோடு வேகவைத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கண்ணுக்கு: கண் மருந்துக் குப்பிகளில் போரிக் அமிலம் இருப்பது உண்மைதான். 100 மில்லிக்கு 1.9 கிராம் என்பது கண்ணீரோடு ஒத்துப்போகும் அடர்த்தி. சொட்டு மருந்துகளில் அமிலகாரச் சமநிலைக்காக அதைச் சேர்ப்பார்கள். ஆனால் அவை கிருமி நீக்கிய ஆலையில் அளந்து தயாரிப்பவை. வீட்டில் கரைப்பவர்கள் வெந்நீரில்தான் கரைப்பார்கள். கொதிக்கும் 100 மில்லி நீரில் 27 கிராம் வரை கரையும். ஆறி 20 டிகிரிக்கு வந்தால் 5 கிராமுக்கும் குறைவாகத்தான் நிற்கும். மீதி செதில் செதிலாகப் படிகமாகி அடியில் இறங்கும். அந்தச் செதிலோடு ஊற்றிக் கண்ணைக் கழுவினால் உறுத்தலுக்கு மேல் உறுத்தல். பொடியிலும் குவளையிலும் இருக்கும் கிருமியை இந்த மெலிந்த அமிலம் கொல்லும் என்று நம்பவும் முடியாது. தூசி விழுந்தால் சுத்தமான நீரை ஊற்றிக் கழுவுங்கள். மறுநாளும் சிவப்பு இருந்தால் கண் மருத்துவர். காதில் பொடி ஊதுவதும் அதே மாதிரி. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் உள்ளே எதையும் போடக் கூடாது.

குழந்தை இதைத் தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால்: வாயில் மிச்சம் இருப்பதை விரலால் எடுத்துவிட்டு வாயைத் துடையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டைக்குள் விரல் விட்டோ வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். புரையேறினால் அதுவே பெரிய ஆபத்து. அமிலம்தானே என்று சோடா உப்பு கொடுப்பதும் அர்த்தமற்றது. இது சுட்டுத் தீங்கு செய்வதில்லை, இரத்தத்தில் சேர்ந்து தீங்கு செய்கிறது. 108ஐ அழையுங்கள். டில்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை மருத்துவர் அதிலிருந்துதான் கணிப்பார். மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 3 முதல் 4 கிராம். நீலப்பச்சை நிற வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு ஆகியவை முதலில் தெரியும். உடம்பெங்கும் வெந்தது போலச் சிவந்து, ஓரிரு நாளில் தோல் உரிவது பின்னால் வரும். முதல் சில மணி நேரம் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது என்பதால் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். மற்ற நஞ்சுகளுக்குக் கொடுக்கும் கரித்தூள் மருந்து இதை அவ்வளவாகப் பிடிக்காது. நிலைமை முற்றினால் இரத்தச் சுத்திகரிப்பு செய்வார்கள். அது நன்றாக வேலை செய்யும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று. அந்தப் பாக்கெட் இப்போது எங்கே இருக்கிறது? சமையலறையில், மைதா அல்லது சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி வைத்திருந்தால் உடனே எடுங்கள். இதற்கு மணம் கிடையாது, சுவையும் லேசாகத்தான் தெரியும். மைதாவோடு கலந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. வாங்கிய அட்டையோடு, திருகு மூடி டப்பாவில் போட்டு, தமிழில் 'கரப்பான் மருந்து – விஷம்' என்று சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டி, கேரம் பவுடரையும் அதோடு சேர்த்து, சமையலறைக்கு வெளியே பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டுங்கள். மாவு அளக்கும் கரண்டியால் இதை அள்ளியிருந்தால், அந்தக் கரண்டியைச் சுடுதண்ணீரில் கழுவிவிட்டு வேறு வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.